உயில் வழக்குகளும் தொலைக்காட்சியும்

இறந்தவருக்குச் செய்யவேண்டிய கிரியைகள் யாவும் முடிந்து, வந்திருந்த உறவினரிற் பாதிப்பேர் ஊர் திரும்பிய பிறகு, எஞ்சியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருக்கும் ஒரு பிற்பகல் உண்டு. பெரும்பாலான குடும்பங்கள் அந்தப் பிற்பகலை அறிந்திருக்கும். யாரேனும் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பின் நிகழ்வதையெல்லாம் நம் முன்னோர் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அது இயலாமற் போனபோது நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார்கள். இக்காலத்தில் மூன்றாவதாக ஓர் இடம் ஏற்பட்டிருக்கிறது. உயிலையும் வாரிசுரிமையையும் பற்றிய குடும்ப வழக்குகள் விவரணப் படங்களாகி, தொலைக்காட்சியில் முன்பின் அறியாத இலட்சக்கணக்கானோர் காணும்படி ஓடுகின்றன. அந்தப் படங்களைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

இவ்வகைப் படங்களில் மிகவும் சாதுவான ஒன்றிலிருந்து தொடங்கலாம். 'வாரிசு வேட்டைக்காரர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் பி.பி.சி. நிறுவனம் 2007-ஆம் ஆண்டு ஒரு தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. பகல் வேளையில் வந்த தொடர் அது. இங்கிலாந்தில் உயில் எழுதாமலும், அறியப்பட்ட உறவினர் எவரும் இல்லாமலும் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை அரசாங்கத்தின் சட்ட அலுவலகம் அக்காலத்தில் வெளியிட்டு வந்தது. அப்பட்டியல் வெளிவந்தவுடன், இதனையே தொழிலாகக் கொண்ட தனியார் நிறுவனத்தார் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளைப் புரட்டத் தொடங்குகிறார்கள். மாண்டவரின் பாட்டனாருக்கு எத்தனை மக்கள், அவர்களில் யார் யாருக்குச் சந்ததி உண்டு என்று மரம் வரைந்து, எங்கோ ஓர் ஊரில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அவருக்குக் கிடைக்கப்போகும் தொகையில் நூற்றுக்கு இத்தனை என்று ஒப்பந்தமும் செய்துகொள்கிறார்கள். ஒருவரும் அகப்படாவிட்டால் சொத்து அரசுரிமையாகிவிடும்.

இதில் சண்டை மிகக் குறைவு. ஆயினும் ஒரு செய்தியை இத்தொடர் நன்றாகக் காட்டியது. திடீரென்று வாரிசாகிவிட்ட மனிதர், எத்தனை பவுன் என்று கேட்பதோடு நிற்பதில்லை, "அவர் எப்படிப்பட்டவர்? தனியாகவா இருந்தார்?" என்றும் கேட்கிறார். அதற்கு விடை சொல்ல அண்டை வீட்டாரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இறந்தவர் பேசமாட்டார். அவருக்காகப் பிறர் பேசுகிறார்கள். வாரிசுரிமை பற்றிய படம் எதுவாயினும், இந்த ஓர் இடர்ப்பாட்டினின்று அது தப்ப முடியாது என்பதே என் கருத்து.

சாதுவான தொடரை விட்டு, சச்சரவு நிறைந்த ஒன்றுக்கு வருகிறேன். 2023-ஆம் ஆண்டு நவம்பரில் நெட்பிளிக்ஸ் நிறுவனம், பிரான்சு நாட்டின் பெத்தாங்கூர் வழக்கைப் பற்றி மூன்று பகுதிகள் கொண்ட விவரணப் படத்தை வெளியிட்டது. லோரியால் என்ற அழகுசாதனக் குழுமத்தின் பெயரை நேயர்களிற் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரசாயன அறிஞரான எழேன் ஷுவெல்லேர் என்பவர், தலைமயிருக்குச் சாயம் கண்டுபிடித்து, 1909-இல் தொடங்கிய தொழில் அது. அவருக்கு ஒரே மகள். 1922-இல் பிறந்த லிலியான். தாயை ஐந்து வயதிலேயே இழந்த அப்பெண்மணி, தந்தைக்குப் பின் அச்செல்வம் முழுவதற்கும் உரியவராகி, உலகின் மிகப் பெரிய செல்வச் சீமாட்டிகளில் ஒருவராக விளங்கினார். அவருக்கும் ஒரே மகள், பெயர் பிரான்சுவாஸ்.

1987-ஆம் ஆண்டு, ஒரு சஞ்சிகைக்காகப் புகைப்படம் எடுக்க வந்த பிரான்சுவா-மரி பானியே என்ற எழுத்தாளரும் கலைஞருமானவருக்கும் லிலியான் அம்மையாருக்கும் நட்பு ஏற்பட்டது. அவர் பேச்சிலே வல்லவர். அம்மையாரைச் சிரிக்க வைத்தவர். ஆண்டுகள் செல்லச் செல்ல ஓவியங்கள், காப்புறுதிப் பத்திரங்கள், ரொக்கம் என்று அவருக்குப் பரிசுகள் சென்றன. அவற்றின் மதிப்பு நூறு கோடி யூரோவை எட்டும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஒரு சமயம் தம் உயிலிலும் அம்மையார் அவருக்கு இடம் கொடுத்திருந்தார். பின்னர் அதை நீக்கினார். 2007 நவம்பரில் அம்மையாரின் கணவர் காலமானார். அடுத்த மாதமே மகள் பிரான்சுவாஸ், தம் தாயின் தளர்ச்சியைப் பயன்படுத்திப் பொருள் கவர்ந்தார் என்று அந்த நண்பர்மீது புகார் கொடுத்தார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். லோரியால் பங்குகளின் உடைமையைத் தாய் 1990-களிலேயே மகளுக்கு எழுதி வைத்துவிட்டு, அவற்றின் வருவாயை மட்டும் தம் ஆயுட்காலம் வரை வைத்துக்கொண்டிருந்தார். ஆகவே நூறு கோடி யூரோ வேறிடம் போய்விட்டதனால் மகளின் வாழ்க்கை குன்றிவிடும் என்பதற்கில்லை. பின் எதற்காக அவர் வழக்காடினார்? தாயைக் காப்பதற்கென்று அவர் சொன்னார். தம் பணத்தைத் தாம் விரும்பியவருக்குக் கொடுக்கத் தமக்கு உரிமையில்லையா என்று தாய் கேட்டார். இரண்டும் நியாயமான பேச்சாகவே தோன்றும்.

இந்த வழக்குக்கு உலகப் புகழ் தந்தது, வீட்டுப் பணியாளர் ஒருவர் செய்த காரியம். தம் எசமானியின் அறையில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துவைத்து, 2009 மே முதல் 2010 மே வரை, அங்கு நடந்த உரையாடல்களை அவர் பதிவு செய்தார். ஆலோசகர்கள் வருகிறார்கள்; காகிதங்களை நீட்டுகிறார்கள்; செவிப்புலன் மங்கிய எண்பத்தேழு வயது மூதாட்டிக்குக் கேட்கும்படி உரக்கப் பேசிக் கையொப்பம் வாங்குகிறார்கள். மகள் அப்பதிவுகளைக் காவல்துறையிடம் ஒப்படைத்தார். 2010 ஜூனில் அவற்றின் பகுதிகள் பத்திரிகைகளில் வெளியாயின. குடும்ப வழக்காக இருந்தது அரசியல் வழக்காகவும் மாறிற்று. அமைச்சர் ஒருவர்மீதும் குற்றம் சாட்டப்பட்டு, 2015-இல் அவர் விடுவிக்கப்பட்டார். அந்த அரசியலை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

நெட்பிளிக்ஸ் படம் இந்தப் பதிவுகளையே உயிராகக் கொண்டது. ஒலியை மட்டும் நம்பித் தொழில் செய்யும் வானொலியிலிருந்து பேசுகிறவன் என்ற முறையில், இது என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. மற்ற வாரிசு வழக்குகளில் சொத்துக்குடையவர் மாண்டு போயிருப்பார். அவர் குரல் கிடையாது. இவ்வழக்கிலோ குரல் இருக்கிறது. பாத்திரம் வைக்கும் ஓசையும் நாற்காலி நகரும் ஓசையும்கூட இருக்கின்றன. அப்படியானால் அம்மையாரின் மனம் நமக்குத் தெளிவாகிவிட வேண்டும் அல்லவா? ஆகவில்லை. இவர் ஒன்றும் அறியாமற் கையொப்பமிடுகிறார் என்று ஒருவருக்குத் தோன்றும். எல்லாம் அறிந்தே, கேள்வி கேட்பதில் சலிப்புற்று இடுகிறார் என்று மற்றொருவருக்குத் தோன்றும். முதியவர்களுடன் வாழ்ந்தவர்கள் இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் ஒரே நாளில் நிகழக்கூடியவை என்பதை அறிவார்கள்.

நீதிமன்றம் இதை எவ்வாறு தீர்த்தது? 2006 செப்டம்பருக்குப் பிறகு அம்மையார் தளர்ந்த நிலையில் இருந்தார் என்று கொண்டு, 2015 மே மாதத்தில் போர்தோ நகர நீதிமன்றம் அந்த நண்பருக்கு மூன்றாண்டுச் சிறையும், அதில் ஆறு மாதம் நிறுத்திவைப்பும், பதினைந்து கோடியே எண்பது இலட்சம் யூரோ நஷ்டஈடும் விதித்தது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் குற்றவாளியே என்பதை உறுதிசெய்து, தண்டனையை நான்காண்டு நிறுத்திவைப்பாகவும் 3,75,000 யூரோ அபராதமாகவும் மாற்றியது, நஷ்டஈட்டை நீக்கியது. ஒலிப்பதிவு செய்த பணியாளரும், அதனை வெளியிட்ட பத்திரிகையாளர்களும் தனியுரிமையை மீறிய குற்றத்திலிருந்து 2016-இல் விடுவிக்கப்பட்டார்கள். ஆயினும், பதிவுகளைத் தன் இணையப் பக்கத்திலிருந்து அகற்றும்படி மீடியாபார் என்ற பத்திரிகைக்கு வெர்சாய் நீதிமன்றம் 2013-இல் இட்ட ஆணை நிலைத்தது. அவ்வாணை பேச்சுரிமைக்கு மாறானதன்று என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 ஜனவரியில் தீர்ப்புக் கூறியது. ஒரு குடும்பத்தின் உட்பேச்சை உலகறியச் செய்வதில் எல்லை எது என்பதைச் சட்டமே பல ஆண்டுகள் தடுமாறித்தான் வரையறுத்தது. லிலியான் அம்மையார் 2017 செப்டம்பரில் காலமானார். படம் அதன் பிறகு வந்தது. அதைக் குறித்து அவர் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நாட்டுக்கு நாடு இவ்வழக்குகளின் போக்கு மாறுவதற்குக் காரணம் சட்டம். பிரெஞ்சுச் சட்டப்படி ஒரே மகவு இருந்தால் சொத்தில் பாதி அம்மகவுக்கே உரியது. இரு மக்கள் இருந்தால் மூன்றில் இரண்டு. மூவரோ அதற்கு மேலோ இருந்தால் நான்கில் மூன்று. மிச்சத்தையே பெற்றோர் விரும்பியவாறு வழங்கலாம். இங்கிலாந்தில் அப்படியில்லை. பெற்ற மகளுக்கு ஒரு பென்னியும் வைக்காமல் பிராணி நல நிலையங்களுக்கு எழுதிவிடலாம். ஒரு தாய் அவ்வாறே செய்தார். பதினேழு வயதில் தம் விருப்பப்படி ஒருவனோடு வீட்டைவிட்டுச் சென்ற மகளை அவர் மன்னிக்கவில்லை. 2004-இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ 4,86,000 பவுன் மதிப்புள்ள சொத்தைப் பெரும்பாலும் மூன்று அறநிலையங்களுக்கு விட்டுச் சென்றார். வறுமையில் ஐந்து மக்களை வளர்த்த மகள், 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்காடினார். கீழ் நீதிமன்றம் 50,000 பவுன் என்றது. மேல்நீதிமன்றம் அதைப் பன்மடங்கு உயர்த்தியது. 2017-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் 50,000-த்துக்கே கொண்டு வந்தது. தாய் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் இந்திய நாட்டிலோ இவ்விரு முறைகளும் அருகருகே இருக்கின்றன. கோவா மாநிலத்தில், போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சட்ட மரபின்படி, மக்களுக்குரிய பாதியை உயில் தொட முடியாது. முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் வழங்க இயலாது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் பெண்மக்களுக்குச் சம பங்கு தந்தன. ஆனால் தந்தை தாமே ஈட்டிய சொத்தை, மகளைத் தவிர்த்து மகன்களுக்கு மட்டும் உயில் எழுதிவிட்டால், சட்டம் கொடுத்த பங்கை அந்த ஒரு காகிதம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. விவரணப் படம் எடுக்கும் நம் இளைஞர்கள் கோடீசுவரர்களின் மாளிகைகளைத் தேடிப் போகாமல், இந்த ஒரு காகிதத்தைத் தேடிப் போனால் மிகவும் பயன்படும். கோடீசுவரர் வழக்கும் நமக்குக் குறைவில்லை என்பது உண்மைதான். கல்கத்தாவின் பிர்லா குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார் 2004-இல் காலமானபோது, 1999-இல் எழுதிய உயிலில் தம் தொழில்களையெல்லாம் தம் கணக்காயருக்கு விட்டிருந்தது தெரியவந்தது. குடும்பத்தார் எதிர்த்தார்கள். அந்தக் கணக்காயரே 2008-இல் இறந்தார். வழக்கு அவர் மகன் தலைமுறைக்கும் நீண்டது.

இறந்தவர் பேசமாட்டார் என்ற இடர்ப்பாட்டை நீதிமன்றங்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது. நம் உச்ச நீதிமன்றம் 1958 நவம்பரில் ஒரு தீர்ப்பு வழங்கியது. மைசூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் உயில் பற்றிய வழக்கு அது. நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய அத்தீர்ப்பு, இன்றளவும் உயில் வழக்குகள் தோறும் எடுத்துக் காட்டப்படுகிறது. மற்றப் பத்திரங்களை எழுதியவரை அழைத்துக் கேட்கலாம். உயிலை எழுதியவரை அழைக்க முடியாது என்ற எளிய உண்மையிலிருந்து அது தொடங்குகிறது. ஆகவே, உயிலைக் கொண்டுவந்து காட்டுகிறவரே அதன் மெய்ம்மையை நிறுவ வேண்டும். கையெழுத்து நடுங்கியிருந்தாலோ, எழுதியவரின் மனநிலை ஐயத்துக்கு இடமாக இருந்தாலோ, பயன் பெறுகிறவரே உயில் எழுதும் காரியத்தில் முன்னின்றிருந்தாலோ, அந்தச் சந்தேகங்கள் ஒவ்வொன்றையும் அவரே அகற்ற வேண்டும் என்று அது விதித்தது. அவ்வழக்கில் உயிலைக் கொண்டுவந்தவர் அதைத் தயாரிப்பதில் முக்கிய பங்கெடுத்தவர். அவருடைய மக்களுக்கே அதில் பெரும்பயன். நீதிமன்றம் உயிலை ஏற்கவில்லை.

இவ்வளவு எச்சரிக்கை திரைக்கு இல்லை. பேச இசைந்தவர் தோன்றுகிறார், இசையாதவர் தோன்றுவதில்லை. தோன்றாதவரைக் குற்றமுள்ளவர் என்று காண்பவர் மனம் தானே எண்ணிக்கொள்கிறது. இடைவெளியை நிரப்ப ஒரு நடிகை வந்து, முகம் காட்டாமல், மெதுவாகப் பேனாவை எடுக்கிறாள். பின்னணியில் வயலின் அழுகிறது. பேனாவை எடுத்த கை நடுங்கியதா இல்லையா என்பதல்லவா வழக்கு? அதை இயக்குநர் ஒரு நொடியில் தீர்த்துவிடுகிறார். படத்தின் முடிவில் காட்டும் தீர்ப்பைவிட, அந்த நொடியில் கொடுக்கும் தீர்ப்பு நம் நெஞ்சில் ஆழமாகப் பதிகிறது. நல்ல படங்கள் இதனை உணர்ந்து நடந்துகொள்வதும் உண்டு. பெத்தாங்கூர் படத்தையும் பொய்யென்று சொல்லமாட்டேன். ஒரு முதியவரைச் சுற்றி எத்தனை பேர் எவ்வளவு பணிவோடு நின்றுகொண்டு காகிதங்களை நீட்ட முடியும் என்பதை அதுபோல் எந்தத் தீர்ப்பு நகலும் காட்டவில்லை.

இனி, உயில் எழுதும் இடத்துக்கே படக்கருவி வந்துவிட்டது. நோய்த்தொற்றுக் காலத்தில், சாட்சிகள் நேரில் நில்லாமல் திரை வழியே பார்த்துச் சாட்சியம் செய்வதை இங்கிலாந்து அனுமதித்தது. அவ்வனுமதி 2024 ஜனவரியோடு முடிவுற்றது. நம் நாட்டிலும் உயிலில் கையொப்பமிடுவதைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அது நன்றே, ஆனால் அதுவே போதுமென்று எண்ணிவிடலாகாது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. எழுதியவர் கையொப்பமிட்டதைக் கண்டோ, அது தம்முடையதே என்று அவர் ஒப்புக்கொள்ளக் கேட்டோ, அவர் முன்னிலையில் அச்சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவு செய்வதும் கட்டாயமில்லை. சாட்சிகள் வேண்டும். வயதில் இளையவர்களாக, எழுதியவருக்குப் பின்னும் வாழக்கூடியவர்களாக, உயிலாற் பயன் பெறாதவர்களாக இருத்தல் நலம். வழக்கு வந்தால் அவர்களில் ஒருவரையாவது கூண்டிலேற்றிக் கேட்பார்கள். பேசாத ஒருவருக்காகப் பேசும் பொறுப்பு அவர்களுடையது. நம்மவர் இதனை அறியாமல், பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவரைக் கூப்பிட்டு, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

என் பாட்டனார் உயில் எழுதவில்லை. அவருடைய நிலத்தை என் தகப்பனாரும் பெரியப்பாவும் ஒரே காலையில், வரப்பில் நின்றபடியே, பிரித்துக்கொண்டார்கள். பித்தளையாலான ஒரு வெற்றிலைச் செல்லம் மட்டும் பிரிபடாமல் நின்றது. அது மூத்தவருக்கு என்றார் பெரியப்பா. அது தமக்கு என்றார் அத்தை. அத்தை நிலத்தில் பங்கு கேட்கவே இல்லை என்பதை இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அக்காலத்தில் அதை ஒருவரும் வியப்பாகக் கருதவில்லை. செல்லத்துக்காகப் பதினோரு ஆண்டுகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பாக்கு வெட்டியின் கைப்பிடி வேறு உடைந்திருந்தது. பழைய பித்தளை விலைக்குக்கூட யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பல்லெல்லாம் விழுந்த பிறகு பாட்டனாருக்கு நாள்தோறும் நான்கு வேளை வெற்றிலை இடித்துக் கொடுத்தவர் அத்தைதான் என்பதை நான் பின்னாளில் என் தாயாரிடமிருந்து தெரிந்துகொண்டேன். அந்த இடிப்புச் சத்தத்தைக் கேட்டுத்தான் பாட்டனார் விழித்துக்கொள்வாராம். படமெடுக்கும் குழு ஒன்று அந்நாளில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், "அந்தப் பெட்டியின் மதிப்பு என்ன?" என்று கேட்டிருக்கும், பெரியப்பாவும் அத்தையும் உரக்கப் பதில் சொல்லியிருப்பார்கள், அது ஒளிபரப்பாகியும் இருக்கும். அப்படி ஒளிபரப்பாகியிருந்தால், பன்னிரண்டாம் ஆண்டு தைப் பொங்கலன்று, பெரியப்பா அந்தச் செல்லத்தை மேல்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அத்தை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.